பாராளுமன்றத் தேர்தல் முடிவை எதிர்த்து வழக்கு: திருகோணமலை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகும் திருகோணமலையில் இந்தப் பேச்சு எழும்: "எண்ணினதில ஏதோ நடந்திருக்கு, வழக்குப் போடலாமே." மூன்று கிழமை போனதும் பேச்சு ஓய்ந்துவிடும். வழக்குப் போடும் காலமும் அதோடு முடிந்துவிடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் எங்கள் மாவட்டத்துக்கு இருப்பதோ நாலே ஆசனங்கள். அதில் ஒன்று பிழையாகக் கைமாறினாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு பகுதி மக்களுக்குப் பேச ஆள் இல்லாமல் போகலாம். ஆகவே சந்தேகம் உள்ளவர்கள் சட்டத்தின் வழியை நேரத்தோடு அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் விடயத்துக்குத் தேர்தல் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியை அணுகுங்கள்.

தேர்தல் மனுவைத் திருகோணமலை நீதிமன்றத்திலேயே போட முடியாதா?

முடியாது. பாராளுமன்ற உறுப்பினரின் தெரிவை எதிர்க்கும் தேர்தல் மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 144 ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. அது கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. அங்கே வரும் தீர்ப்பை எதிர்த்து, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஜனாதிபதித் தேர்தல் என்றால் மனு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். குறைந்தது ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதை விசாரிப்பார்கள்.

ஏ6 வீதி வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் போய் வழக்காட வேண்டும் என்பது எங்கள் மக்களுக்குச் சிறிய சுமை அல்ல. வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ ஒரு சாட்சியைக் கொழும்புக்கு அழைத்துப் போய், தங்கவைத்து, தவணை போனால் திரும்பவும் அழைத்துப் போக வேண்டும். வசதியில்லாத கட்சியோ சுயேச்சைக் குழுவோ இதற்காகவே பின்வாங்கிவிடும். சாட்சிகளை மாவட்டத்திலேயே விசாரிக்க ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை நாளுக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும்?

தேர்தல் முடிவு வர்த்தமானியில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள். வாக்களித்த நாளிலிருந்தோ தொலைக்காட்சியில் முடிவு அறிவித்த நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. ஒரு நாள் பிந்தினாலும் "தூரத்திலிருந்து வந்தோம்" என்ற காரணம் எடுபடாது. இந்தியாவில் இதே வேலைக்கு 45 நாள் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதில் பாதிகூட இல்லை.

சட்டத்தரணியைப் பிடிப்பது, சத்தியக்கடதாசி எடுப்பது, மொழிபெயர்ப்பது, வழக்குச் செலவுக்கான பிணைப்பணம் கட்டுவது எல்லாம் இந்த 21 நாளுக்குள் அடங்க வேண்டும். ஆகவே முடிவு வந்த மறுநாளே வேலையைத் தொடங்குங்கள்.

யார் மனுப் போடலாம்?

அந்தத் தேர்தலில் வேட்பாளராக நின்றவரும், தெரிவாகியிருக்க வேண்டியவர் தானே என்று உரிமை கோருபவரும் போடலாம். நடைமுறையில் மனுக்கள் அவர்களிடமிருந்தே போகின்றன. வாக்காளர்கள் வேறு வழிகளில் நீதிமன்றம் போய் வென்றிருக்கிறார்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்தக் காரணங்களுக்காக ஒரு தெரிவு இரத்தாகும்?

1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் இரண்டு வகைப் பிணக்குகளைப் பிரித்து வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரியாமல் போய்க் கைசுட்டுக்கொண்டவர்கள் அதிகம்.

முதல் வகை, மாவட்டத்தின் தேர்தல் முழுவதையும் எதிர்ப்பது. இலஞ்சமோ விருந்தோ மிரட்டலோ பரவலாக நடந்து, வாக்காளரில் ஒரு பகுதியினர் தாம் விரும்பிய கட்சிக்கோ குழுவுக்கோ வாக்களிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். அல்லது தேர்தல் சட்டத்தின் அடிப்படைகளுக்கு ஏற்பத் தேர்தல் நடத்தப்படாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டிலும் தவறு நடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தவறு தேர்தல் முடிவைக் கணிசமாகப் பாதித்தது என்றும் காட்ட வேண்டும்.

இரண்டாவது வகை, தெரிவான ஒரு தனி உறுப்பினரை எதிர்ப்பது. அவரோ, அவருடைய அறிவோடும் சம்மதத்தோடும் இன்னொருவரோ, அவருடைய முகவரோ தேர்தல் தொடர்பாக ஊழல் நடத்தையிலோ சட்டவிரோத நடத்தையிலோ ஈடுபட்டார் என்று நிரூபித்தால் அவருடைய தெரிவு இரத்தாகும். இலஞ்சம், தகாத செல்வாக்கு, ஆள்மாறாட்டம் போன்றவை இதில் வரும். அந்தச் செயலால் எத்தனை வாக்கு மாறியது என்று இங்கே காட்டத் தேவையில்லை. ஒரே ஒரு சம்பவம் போதும். ஆனால் குற்றவியல் வழக்கில் போல, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதை நிரூபிக்க வேண்டும். தெரிவான நேரத்தில் அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவராக இருந்தார் என்பதும் ஒரு காரணம்.

"முடிவைப் பாதித்தது" என்பதை எப்படிக் காட்டுவது? எங்கள் மாவட்டத்தின் கணக்கு என்ன?

ஓர் உண்மையான முடிவையே எடுத்துக்கொள்வோம். அதில் குறை இருந்தது என்று சொல்ல வரவில்லை. கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டவே எடுக்கிறேன்.

2024 நவம்பர் 14 இல் நடந்த தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 87,031 வாக்குகளும், ஐக்கிய மக்கள் சக்தி 53,058 வாக்குகளும், இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி 34,168 வாக்குகளும் பெற்றன. ஐந்து சதவீதத்தை எட்டாத கட்சிகளின் வாக்குகள் கணக்கிலிருந்து கழியும். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம் போகும். மிச்சம் மூன்று ஆசனம். எஞ்சிய வாக்குகளை மூன்றால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 58 ஆயிரத்துச் சொச்சம் வரும். அதை முழுதாகத் தாண்டியது தேசிய மக்கள் சக்தி மட்டுமே. ஓர் ஆசனம் எடுத்த பிறகு அதன் கையில் ஏறக்குறைய 29 ஆயிரம் வாக்கு எஞ்சும். கடைசி இரண்டு ஆசனங்களும் எஞ்சிய வாக்கின் வரிசைப்படி மற்ற இரண்டு கட்சிகளுக்கும் போயின. இப்படித்தான் 2, 1, 1 என்று வந்தது.

கடைசி ஆசனம் 34,168 வாக்குக்கும் 29 ஆயிரத்துக்கும் இடையில் தீர்ந்திருக்கிறது. வித்தியாசம் ஐயாயிரம் அளவு. முதல் கட்சிக்கும் மூன்றாவது கட்சிக்கும் இடையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இடைவெளி இருப்பதைப் பார்த்து "அசைக்க முடியாத முடிவு" என்று யாரும் நினைக்கலாம். ஆசனம் நிற்கும் இடமோ அந்த ஐயாயிரத்தில். மனுப் போடுபவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இந்த எல்லையைத்தான். ஒரு வாக்களிப்பு நிலையத்தில் நடந்த குழப்பத்தால் ஐயாயிரம் வாக்கு மாறியிருக்காது. ஒரு பிரதேசத்தில் பல நிலையங்களில் மக்கள் தடுக்கப்பட்டிருந்தால் மாறியிருக்கலாம். அப்படியானால் நிலையம் நிலையமாகக் காட்ட வேண்டும். எத்தனை பேர் பதிவானவர்கள், எத்தனை பேர் வாக்களித்தார்கள், முந்திய தேர்தலில் அதே நிலையத்தில் எத்தனை சதவீதம், தடை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்று விவரம் வேண்டும். "மூதூர்ப் பக்கம் நிறைய நடந்தது" என்ற வசனத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தேர்தலை இரத்துச் செய்யமாட்டார்.

கட்சிக்குள் விருப்பு வாக்கில் பிரச்சினை என்றால்?

ஒரு கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தால், பட்டியலில் அதிக விருப்பு வாக்கு எடுத்தவர் பாராளுமன்றம் போவார். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் சில நூறு வாக்கே வித்தியாசம் இருக்கக்கூடும். கட்சி வாக்கில் சின்னதாகத் தெரியும் பிழை இங்கே ஆளையே மாற்றிவிடும்.

கட்சி வாக்கு எண்ணி முடிந்த பிறகுதான் விருப்பு வாக்கு எண்ணுவார்கள். விடியப்புறமாகிவிடும். கட்சிக்கு ஆசனம் வந்த சந்தோசத்திலோ வராத துக்கத்திலோ பாதி முகவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மிஞ்சியவர்கள் களைத்திருப்பார்கள். வேட்பாளர்களே, உங்கள் மிக நம்பிக்கையான முகவர்களை இந்த இரண்டாவது கட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அவர்களைப் பின்னேரம் நித்திரை கொள்ளவிட்டு இரவுக்கு அனுப்புங்கள்.

சந்தேகம் வந்தால், பிரதான வாக்கெண்ணும் அலுவலர் தமது கூற்றில் கையொப்பமிட்டு அனுப்ப முன்னரே மீள எண்ணும்படி முகவர் கேட்க வேண்டும். அறிக்கை போன பிறகு மீள எண்ண நீதிமன்றக் கட்டளை வேண்டும். சட்டபூர்வமான வாக்குகளில் தனக்கே பெரும்பான்மை என்று கூறி, வாக்குகளை ஆராயும்படி தேர்தல் மனுவில் நிவாரணம் கேட்கலாம்.

மனுக்கள் பல ஆரம்பத்திலேயே தள்ளுபடியாவது ஏன்?

விசாரணைக்கு எடுக்கும் முன்னரே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பூர்வாங்க ஆட்சேபனை எழுப்புவார். தேர்தல் மனுவில் நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தைக் கடுமையாகப் பார்க்கும். மக்கள் தெரிவு செய்த ஒருவரை வெளியேற்றக் கேட்கும் வழக்கு என்பதால் அந்தக் கண்டிப்பில் நியாயமும் இருக்கிறது.

மனுவில் முக்கியமான நிகழ்வுகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஊழல் நடத்தை என்று குற்றஞ்சாட்டினால் யார் செய்தார், எந்தத் திகதி, எந்த இடம் என்ற முழு விவரமும் வேண்டும். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதரவாகச் சத்தியக்கடதாசியும் இணைக்க வேண்டும். சேர்க்க வேண்டிய எதிர்மனுதாரர் ஒருவரை விட்டுவிட்டால் அதுவே மனுவை முடித்துவிடலாம். பிணைப்பணம் உரிய நேரத்தில் கட்டப்பட வேண்டும். எதிர்மனுதாரருக்கு அறிவித்தல் உரிய முறையில் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் பக்கத்தவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது சத்தியக்கடதாசி. கொழும்பில் தேர்தல் மனுவின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயாராகும். ஈச்சிலம்பற்றில் ஒரு விவசாயியோ கிண்ணியாவில் ஒரு மீனவரோ தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையொப்பம் வாங்கிவிட்டுப் போவது நடக்கிறது. பிறகு குறுக்கு விசாரணையில் "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று கேட்டால் அந்த மனிதர் திகைத்துப் போவார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும், ஆனாலும் வழக்கு சரியும். முதலில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் கையொப்பம் எடுங்கள். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பை இணையுங்கள். ஆங்கிலத்திலேயே தயாரித்தால், அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கியதை ஆவணத்திலேயே பதியச் சொல்லுங்கள். இதற்கு நாலைந்து நாள் எடுக்கும். 21 நாளில் அதை ஒதுக்கி வையுங்கள்.

ஆதாரம் எப்போது சேர்க்கத் தொடங்க வேண்டும்?

வாக்களிப்பு நாள் காலையிலிருந்தே. வாக்களிப்பு நிலையத்தில் இருக்கும் முகவர் ஒரு கொப்பியில் நேரத்தோடு குறிக்க வேண்டும். பெட்டி வெறுமையாகக் காட்டப்பட்டதா, எத்தனை மணிக்கு முத்திரையிட்டார்கள், யாருடைய அடையாள அட்டையில் தகராறு வந்தது, முடிவில் எத்தனை வாக்குச்சீட்டுப் பாவிக்கப்பட்டது, எத்தனை மிச்சம் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரிடம் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குப் பிறகு சாட்சி தேட வேண்டியிருக்கும். அதே முறைப்பாட்டின் பிரதியைக் கச்சேரியில் தெரிவத்தாட்சி அலுவலரின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் கொடுங்கள், பொலிஸிலும் பதியுங்கள்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்திருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள் யார் என்பதை உறுதிப்படுத்தி, உரிய கேள்விகளுக்கு விடை சொன்னால் வேறு நிறத்தில் ஒரு வாக்குச்சீட்டுத் தருவார்கள். அது பெட்டியில் சேராது, அன்று எண்ணவும் மாட்டார்கள். ஆனால் ஆள்மாறாட்டம் நடந்ததற்கு அரச ஆவணத்திலேயே பதிவு அதுதான். பத்துப் பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் வழக்கில் பத்துக் கதைகள் மட்டுமே இருக்கும்.

முகநூலில் வந்த வீடியோ போதாதா?

எடுத்தவர் வந்து, எங்கே எப்போது எடுத்தேன் என்று சத்தியம் செய்து சொன்னால் உதவும். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பிரதி தனியே நிற்காது. எடுத்த தொலைபேசியை அழிக்காமல் வைத்திருங்கள்.

நான் வேட்பாளர் அல்ல, வெறும் வாக்காளர். என்னை வாக்களிக்க விடவில்லை. என்ன செய்யலாம்?

அடிப்படை உரிமை மீறல் மனு உங்கள் கையில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1998 இல் மாகாண சபைத் தேர்தல்கள் பிற்போடப்பட்டதை எதிர்த்த வழக்கில், வாக்களிப்பது கருத்து வெளியிடும் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என்று உயர் நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய அந்தத் தீர்ப்பு இந்த நாட்டின் ஒவ்வொரு வாக்காளருக்கும் கிடைத்த பலம்.

2000 ஒக்டோபர் பொதுத் தேர்தலில் கண்டி மாவட்டத்தில் சில வாக்களிப்பு நிலையங்களில் அட்டகாசம் நடந்தது. அங்கே வாக்களிப்பை இரத்துச் செய்து மீண்டும் வாக்களிக்க விட்டிருக்க வேண்டும் என்று வாக்காளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என 2001 இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5 தேர்தலில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருந்தவர்களை இராணுவச் சோதனைச் சாவடியைக் கடந்து வந்து வாக்களிக்க விடவில்லை. அந்தத் தமிழ் வாக்காளர்களும் உயர் நீதிமன்றம் போய் வென்றார்கள். 2003 இன் அந்தத் தீர்ப்பைக் கிழக்கில் அரசியல் பேசும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். வாக்களிக்க விடாமல் தடுத்தது வாக்காளருக்கு இழைத்த அநீதி என்று, போர்க்காலத் தடையையும் தாண்டி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் அடிப்படை உரிமை மனு தேர்தல் மனுவுக்கு மாற்று அல்ல. உங்கள் உரிமை மீறப்பட்டது என்ற பிரகடனமும் நட்டஈடும் கிடைக்கலாம். ஆசனத்தை இன்னொருவருக்கு மாற்றித் தர அதை நம்பியிருக்க வேண்டாம்.

தகுதியில்லாதவர் ஆசனத்தில் இருந்தால் வாக்காளருக்கு இன்னொரு வழி உண்டு. "எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறீர்?" என்று கேட்கும் எழுத்தாணை மனு அது. 2015 இல் காலி மாவட்டத்தில் தெரிவான கீதா குமாரசிங்க இரட்டைக் குடியுரிமை காரணமாகத் தகுதியற்றவர் என, அந்த மாவட்டத்து வாக்காளர்கள் போட்ட மனுவில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024 மே மாதம் டயனா கமகேயின் ஆசனமும் குடியுரிமைப் பிரச்சினையில் இப்படியான மனுவாலேயே போனது.

வழக்கு நடக்கும்போது வென்றவர் பாராளுமன்றத்தில் இருப்பாரா? எவ்வளவு காலம் எடுக்கும்?

தீர்ப்பு வரும்வரை இருப்பார். பேசுவார், வாக்களிப்பார், சம்பளமும் எடுப்பார். வழக்குகள் இழுபட்டே போயிருக்கின்றன. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசவின் வெற்றியை எதிர்த்துச் சிறிமாவோ பண்டாரநாயக்க போட்ட மனு 1992 இல்தான் தள்ளுபடியானது. தமிழ்நாட்டில் இராதாபுரம் தொகுதியில் 2016 இல் 49 வாக்கில் தோற்ற அப்பாவு போட்ட மனுவில் மீள எண்ணும் கட்டளை 2019 ஒக்டோபரில் வந்தது. எண்ணிய முடிவை அறிவிக்க இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. மனுதாரரை 21 நாளில் ஓடச் சொல்லும் சட்டம், தீர்ப்புக்கும் இறுக்கமான காலவரையறை வைக்க வேண்டும். காலம் கடந்து வரும் வெற்றியால் வாக்காளருக்குப் பயனில்லை.

மனு வென்றால் இடைத்தேர்தல் வருமா?

தனி உறுப்பினர் ஒருவரின் தெரிவு போனால் பொதுவாக வராது. விகிதாசார முறையில், வெற்றிடமாகும் ஆசனம் அதே கட்சிப் பட்டியலில் அடுத்ததாக விருப்பு வாக்குப் பெற்றவருக்குப் போகும். கீதா குமாரசிங்கவின் இடத்துக்குப் பியசேன கமகே வந்தது அப்படித்தான். இரா. சம்பந்தன் 2024 ஜூன் 30 இல் காலமானபோது திருகோணமலையில் ச. குகதாசன் வந்ததும் அந்த ஏற்பாட்டினாலேயே. ஆகவே எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர் மனுப் போட்டு வென்றாலும் ஆசனம் தன் கட்சிக்கு வரும் என்று எண்ணக் கூடாது. கட்சிகளின் ஆசனக் கணக்கையே எதிர்த்து வென்றால்தான் அது நடக்கும். மாவட்டத்தின் தேர்தல் முழுவதும் இரத்தானால் விடயம் வேறு, அப்போது மாவட்டம் திரும்ப வாக்களிக்க வேண்டிவரும்.

தொகுதி முறை இருந்த காலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. 1948 இல் கண்டி இடைத்தேர்தலில் வென்ற ரி.பி. இலங்கரத்ன தேர்தல் மனுவால் ஆசனத்தை இழந்தார். அதன் பிறகு நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி தாமரா குமாரி வென்று பாராளுமன்றம் போனார்.

மனு வென்றால் தவறு செய்தவருக்கு வேறு தண்டனை உண்டா?

ஊழல் நடத்தை நிரூபணமானால் ஆசனத்தோடு, வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் தகுதியும் பல ஆண்டுகளுக்குப் போகும்.

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கும் எல்லை வைத்திருக்கிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் செலவு விவரத்தைக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பின் செலவில் சந்தேகம் உள்ளவர்கள் பதாகை, மேடை, வாகனம் எல்லாவற்றையும் பிரசார காலத்திலேயே திகதியோடு படமெடுத்து வைத்திருக்க வேண்டும். தேர்தல் முடிந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள்.

நான் யாருக்கு வாக்களித்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிவருமா?

இல்லை. வாக்களித்தவரை அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. இந்தப் பயத்தில் பலர் சாட்சி சொல்ல மறுக்கிறார்கள். அவர்களுக்கு இதை முதலிலேயே விளக்குங்கள்.

மனுப் போட்டவர் இடையில் சமாதானமாகி விலகலாமா?

தன் விருப்பத்துக்கு விலக முடியாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பணமோ பதவியோ வாங்கிக்கொண்டு மனுவைக் கைவிடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. விலகுபவருக்குப் பதிலாக இன்னொருவர் மனுவை ஏற்று நடத்த நீதிமன்றத்தைக் கேட்கவும் இடமுண்டு. ஆகவே உங்கள் கட்சி வேட்பாளர் பின்வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், அனுமதி கேட்கும் விண்ணப்பம் எந்தத் திகதியில் எடுக்கப்படுகிறது என்று சட்டத்தரணி ஒருவர் மூலம் அறிந்து, அன்று நீதிமன்றத்தில் நில்லுங்கள்.